இரண்டு விரல் இடைவெளி

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே மிஞ்சிப்போன இடத்தில்தான் டைலர் அக்காவின் கடை இருந்தது. உள்ளே வருகிறவர்கள் முதல் மூன்றடி நிமிர்ந்து நடக்கலாம். அதற்கப்புறம் தலையைக் குனிந்தாக வேண்டும். நிமிர்ந்து நிற்கிற பக்கம் தையல் மெஷின், குனிகிற பக்கம் இஸ்திரி மேசை. முப்பது வருடமாக அந்த மேசையில் நின்று அவளுக்கு லேசாகக் கூன் விழுந்துவிட்டது என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். "கூனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வர்ற போற ஆளுக்கெல்லாம் மரியாதை குடுத்துக் குடுத்து இப்படி ஆயிட்டேன்" என்பாள் அவள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் எண்கள் அவளை விட்டுப் போகவில்லை. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து, இடுப்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்த ஆளே பிறகு சட்டை தைக்க வந்தால் கால் இஞ்சுக்கு மேல் பிசகாது. யாருக்கு வயிறு போட்டிருக்கிறது, யார் கவலையில் இளைத்துப்போனார் என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியே விட்டதில்லை. அளவு நோட்டை யார் கேட்டாலும் காட்டமாட்டாள். "டாக்டர்கிட்ட மறைச்சிரலாம். எங்கிட்ட மறைக்க முடியாது. ஆனா எங்கிட்ட வந்தது எங்கிட்டயே இருக்கும்" என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைத் தலைகுனிய வைத்தது.

மாடியில் ஒரு கூடம் உண்டு. சனிக்கிழமை காலைகளில் அங்கே சாப்பாட்டு வகுப்பு நடக்கும். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து நடத்துவாள். வயது இருபத்துநாலுக்கு மேல் இராது. முதல் நாள் பலகையில் பெரிய வட்டம் ஒன்று வரைந்து, "இதுதான் உங்க தட்டு. பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ, மிச்ச கால்வாசிதான் சோறோ ரொட்டியோ" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் தட்டு டீச்சர்.

டைலர் அக்காவை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது அவள் நாத்தனார். வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளர். இருபது வருடம் ஏணியில் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைத்தால் சரியாகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைய வேண்டும். குறைந்தால் தேதி. குறையாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள் முன்னே வந்துவிடுவார், மறுபடி காத்திருக்க வேண்டும். நூலகத்தில் அவளை ஏணி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

"தனியா போனா எல்லாரும் என்னையே பாப்பாங்க அண்ணி. நீங்களும் வாங்க. ரெண்டு பேரா போனா பாதிப் பார்வை உங்க மேல விழும்" என்றாள்.

"அதுக்கு நான் உன் அளவுக்கு இருக்கணுமே" என்றாள் டைலர் அக்கா.

"இருக்கீங்க, இருக்கீங்க. சட்டைய நீங்களே தைக்கிறதால வெளிய தெரியல, அவ்வளவுதான்."

முதல் வகுப்பில் தட்டு டீச்சர் ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். பன்னிரண்டு பேரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எதிர்த்தெருவில் பேக்கரி வைத்திருக்கிற அம்மா, "நான் ஏறினா அது அழும்மா, பாவம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், வகுப்பு முழுக்க வரிசையில் நிற்க, ஆசிரியர் ஒருவர் அவளுடைய எடையை உரக்கப் படித்து, பிறகு இன்னொரு தரம் படித்தாராம். அந்த இரண்டாவது தரம்தான் அவளுக்கு மறக்கவில்லை.

டீச்சருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "சரி, வேண்டாம். இடுப்பளவு பாத்தாலே போதும். நம்ம முன்னேற்றம் அதுலயே தெரியும்" என்று மெஷினை மூலைக்குத் தள்ளினாள். "ஆனா யார் அளக்கிறது? நான் அளந்தா சரியா வருமான்னு தெரியல."

"கீழ நம்ம அக்கா இருக்கும்போது என்ன கவலை? இந்தத் தெருவுல பாதி இடுப்பு அவங்க கைக்குள்ள போயிட்டு வந்ததுதான்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரை எல்லோரும் தபால் அண்ணன் என்பார்கள்.

டைலர் அக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். வரிசையாக ஒவ்வொருவராக அளந்தாள். சுகாதார நிலையத்துப் பதிவேட்டில், முத்திரை குத்திய தாளில், தன் கையெழுத்தில் எண்களை எழுதியபோது அவள் நெஞ்சு கொஞ்சம் விம்மியது உண்மை. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து அரசாங்கத் தாளில் ஏறுவது சின்ன விஷயமா? நாத்தனாருக்கு நாற்பத்து மூன்று.

தட்டு டீச்சரின் திட்டம் எளிது. வாரத்துக்கு ஒரு தாள். ஏழு நாள், நாளைக்கு நாலு வேளை, மொத்தம் இருபத்தெட்டுக் கட்டங்கள். அவற்றில் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருக்கும். மஞ்சள் கட்டத்தில் ஆசைப்பட்ட எதையும் சாப்பிடலாம். கேக், சாக்லேட், பொரித்த உருளைக்கிழங்கு, எதுவானாலும் சரி. ஆனால் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அதற்காக வருத்தப்படக் கூடாது.

"முதல் ரெண்டும் நடக்கும். மூணாவதுதான் கஷ்டம்" என்றாள் பேக்கரிக்காரம்மா. "நான் கேக் விக்கும்போதே வருத்தப்படுறேன்."

வெறும் தாளைக் கொடுத்தால் ஆட்கள் தொடர்ந்து வரமாட்டார்கள் என்று டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு விதியையும் சேர்த்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் அளவெடுப்பது. அரை இஞ்ச் குறைந்தால் வாரத்துக்கு ஒரு மஞ்சள் கட்டம் கூடுதல். இதைச் சொன்னதும் கூடம் கலகலத்துவிட்டது. மஞ்சள் கட்டத்துக்கு எதைப் போடலாம் என்று குறிப்புகள் பறந்தன. வாழைப்பழத்தை வெட்டி உறைய வைத்து அரைத்தால் ஐஸ்கிரீம் தோற்றுவிடும் என்று தபால் அண்ணன் செய்தே கொண்டுவந்தார். ஆப்பிளை நடுவில் குடைந்து, பேரீச்சம்பழம் திணித்துச் சுட்டால் சர்க்கரையே வேண்டாம் என்று நாத்தனார் கண்டுபிடித்தாள். பேக்கரிக்காரம்மா, கேக்கில் பாதி மாவுக்குப் பதில் துருவிய கேரட் போட்டு, "என் கடையில இத விக்கமாட்டேன், பேர் கெட்டுரும். நமக்குள்ள இருக்கட்டும்" என்று துண்டு போட்டுக் கொடுத்தாள்.

நாத்தனார் அந்தத் தாளைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோலப் பின்பற்றினாள். அளந்து சாப்பிட்டாள். எழுதிச் சாப்பிட்டாள். மஞ்சள் கட்டத்தில் "சாக்லேட், இரண்டு சதுரம்" என்று எழுதியிருந்தால் மூன்றாவது சதுரத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள்.

இரண்டாவது அளவெடுப்பு வந்தது. டைலர் அக்கா பேக்கரிக்காரம்மாவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டபோது, தட்டு டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "விரல் வேண்டாம்க்கா. டேப் தோலோட ஒட்டி இருக்கணும்" என்றாள். சரி என்று அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். வேறொன்றும் நினைக்கவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கும் குறைந்திருந்தது. ஒருவருக்கு முக்கால் இஞ்ச், ஒருவருக்கு ஒன்று. நாத்தனாருக்கு ஒன்றே கால் இஞ்ச்! கூடம் கைதட்டியது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தபால் அண்ணன் டீச்சரிடம், "நீங்க டீச்சர் இல்ல, மந்திரவாதி" என்றார். டீச்சர் காதுவரை சிவந்துபோனாள்.

மதியம் கடைக்கு ஒருவர் கால்சட்டை தைக்க அளவு கொடுக்க வந்தார். டைலர் அக்கா அவர் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, வழக்கம்போல உள்ளே இரண்டு விரலை விட்டுப் பிடித்தாள். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு விரல்.

தைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். உட்காரும்போது பிடிக்கக் கூடாது, சாப்பிட்ட பிறகு இறுக்கக் கூடாது என்று டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரலை வைத்துத்தான் அளப்பார்கள். அந்த இடைவெளிதான் துணிக்கு மூச்சு. முப்பது வருடப் பழக்கம், கை தன்னால் செய்யும். முதல் நாள் மாடியில் பன்னிரண்டு பேரையும் அவள் அப்படித்தான் அளந்திருக்கிறாள். இன்றைக்கு டீச்சர் சொன்னாளென்று விரலை எடுத்துவிட்டாள். குறைந்தது அவர்கள் உடம்பு இல்லை. பெரும்பாலும் அவளுடைய இரண்டு விரல்தான் குறைந்திருக்கிறது.

"என்னக்கா, அவ்வளவு பெரிய இடுப்பா?" என்றார் வந்தவர்.

அவள் உடனே மாடிக்கு ஓடினாள். ஆனால் கூடம் பூட்டியிருந்தது, டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை சொல்லிவிட வேண்டியது என்று முடிவுசெய்து, எப்படிச் சொல்வது என்பதைக்கூட மனப்பாடம் பண்ணினாள். அந்தச் சனிக்கிழமை தட்டு டீச்சர் சிரித்த முகமாக வந்தாள். மற்ற இடங்களில் நடக்கிற வகுப்புகளை எல்லாம்விட இங்கேதான் அதிகம் குறைந்திருக்கிறதாம். மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினாராம். "எங்க வீட்ல காலேஜ் படிச்ச மொத ஆளு நான்தான். இந்த வேலைக்கு லாயக்கான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றாள். "அக்கா, உங்களப் பத்தியும் சொன்னேன்."

டைலர் அக்கா மனப்பாடம் பண்ணியதை விழுங்கிக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரே பிசகுதானே, இனிமேல் சரியாக அளந்தால் போகப்போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது ஓரளவு உண்மையும்கூட. தவறு தெரியாமல் நடந்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மூன்றாவது அளவெடுப்பில் நாத்தனார் வந்து நின்று, சட்டையைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். உதடு எதையோ முணுமுணுத்தது. டைலர் அக்கா டேப்பைப் போட்டாள். தோலோடு ஒட்டி, விரல் இல்லாமல். போன தடவையைவிடக் கால் இஞ்ச் கூட இருந்தது. கூடாமல் என்ன செய்யும்? ஒன்றே கால் இஞ்சுக்குப் பரிசாக வாரத்துக்கு நாலு மஞ்சள் கட்டம் சாப்பிட்டிருக்கிறாள், விதிப்படி, எழுதி வைத்து, உட்கார்ந்து.

"எவ்வளவு அண்ணி?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

டைலர் அக்காவின் கட்டைவிரல் டேப்பை இழுத்தது. சதை கொஞ்சம் உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்றாள்.

இந்தத் தடவை கை தன்னால் செய்தது என்று சொல்லமுடியாது. அவள்தான் இழுத்தாள். மற்ற பதினோரு பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். சிலருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது, சிலருக்கு அப்படியே நின்றது. அவர்கள் முகம் சுளித்தார்கள், தோளைக் குலுக்கினார்கள், போய்விட்டார்கள். நாத்தனார் மட்டும் குறைந்துகொண்டே போனாள். நாற்பத்தொன்றே கால், நாற்பதே முக்கால், நாற்பதே கால். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட இறுக்கமாக. ஒரு தடவை, "கொஞ்சம் வலிக்குது அண்ணி" என்றாள். "ஒட்டிப் பிடிக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கல்ல" என்றாள் இவள். அன்று வீட்டில் டைலர் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டத்தை ரொம்பக் கறாராகப் பிடித்துவிட்டாள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை நாத்தனார் கடைக்கு வந்து, தலையைக் குனிந்து இஸ்திரி மேசை வரைக்கும் வந்து நின்றாள். கையில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மூன்று ஸ்கர்ட்டுகள்.

"அண்ணி, ஒரு விஷயம் புரியல. கிட்டத்தட்ட மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கேன். இது மட்டும் முன்ன மாதிரியே பிடிக்குது. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

இதோ வாசல் திறந்திருக்கிறது, சொல்லிவிடு, என்று டைலர் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒன்று சொன்னது. "துணி சுருங்கியிருக்கும். புது சோப்பு மாத்துனியா?" என்று வாய் சொன்னது.

"ஆமா, மாத்தினேன்!" என்றாள் நாத்தனார். முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன்."

அவள் போனபிறகு டைலர் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். மூன்று ஸ்கர்ட்டுகளின் இடுப்புப் பட்டையையும் பிரித்தாள். உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைத்தாள். பழைய தையல் இருந்த ஊசித் துளைகள் தெரியாமல் ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவள் வேலை செய்ததில்லை. மறுநாள் நாத்தனார் போட்டுப் பார்த்து, இடுப்புக்கும் ஸ்கர்ட்டுக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினாள். "பாருங்க அண்ணி, கை போகுது!" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. டைலர் அக்கா குண்டூசி டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் போகிறவரைக்கும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மாதம் முடிந்து நாத்தனார் மருத்துவரிடம் போனாள். அங்கே டேப் கிடையாது. மெஷின்தான். போன தடவையைவிட ஒரே ஒரு கிலோ குறைவு. மருத்துவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "முயற்சி எடுத்தீங்களா?" என்று கேட்டாராம். வேறு எதுவும் கேட்கவில்லையாம். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து, அதுவும் குறைந்தால்தான்.

இதை அவள் அண்ணன் வீட்டில் வந்து சொல்லவில்லை. சனிக்கிழமை வகுப்பில்தான் சொன்னாள். கூடத்தில் எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு ஆபரேஷன் இல்லன்னுட்டாங்க. எடை குறையல. டீச்சர் திட்டம் நல்ல திட்டம்தான். தப்பு என்மேலதான். நான் ஏமாத்தியிருக்கேன்."

"என்ன ஏமாத்தினீங்க?" என்றாள் தட்டு டீச்சர் மெதுவாக.

"தெரியல. யோசிச்சுப் பாத்தேன். நூலகத்துல பிள்ளைங்க பிறந்தநாளுக்கு மிட்டாய் குடுப்பாங்க, எப்பவாவது வாயில போட்டிருப்பேன். எழுதாம விட்டிருப்பேன். சமைக்கும்போது ருசி பாத்திருப்பேன். அதையும் எழுதல."

"ஒரு மிட்டாய்க்கு எல்லாம் இப்படி ஆகாதும்மா" என்றார் தபால் அண்ணன்.

"அப்ப இன்னும் நிறைய தின்னிருப்பேன். ஞாபகம் இல்லாமலே தின்னிருப்பேன். என் புத்தி அப்படித்தான். சின்ன வயசுலயே அப்படித்தான்." அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "இடுப்பு குறைஞ்சு எடை குறையலன்னா, உடம்புல வேற எங்கயோ ஏறியிருக்கு. நான் திருட்டுத்தனமா தின்னதுதான் ஏறியிருக்கு. மன்னிச்சிருங்க. நான் வகுப்புலேர்ந்து நின்னுக்கறேன்."

டைலர் அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. தின்னாததைத் தின்றேன் என்று ஒருத்தி எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறாள். இந்த மூன்று மாதத்தில் ஒரு சதுரம் சாக்லேட் கூடத் தப்பாகச் சாப்பிடாதவள். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்க முடியாது என்று தெரிந்தது. திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

"அவ ஒண்ணும் திங்கல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான். மொத நாள் ரெண்டு விரலை உள்ள விட்டு அளந்துட்டேன். தைக்கிறதுக்கு அளக்குற மாதிரி. ரெண்டாவது தடவை விரல் இல்ல. எல்லாருக்கும் குறைஞ்சுது பாருங்க, அதுல முக்காவாசி என் விரல்."

பேக்கரிக்காரம்மா, "அப்ப என் ஒரு இஞ்ச்?" என்றாள்.

"கால் இஞ்ச்தான் உங்களுது."

"அடப்பாவமே! அத நம்பி நான் எத்தன கேக்கு முழுங்கினேன்!" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தபால் அண்ணனும் சிரித்துவிட்டார். "போனாப் போகுது அக்கா, பழக்க தோஷம். வேணும்னா செஞ்சீங்க?" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் மன்னித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்து மன்னிப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று டைலர் அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. நாத்தனார் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எல்லாருக்கும். எனக்கு அப்புறமும் குறைஞ்சுதே அண்ணி? ஒவ்வொரு தடவையும்?"

"குறையல."

"பின்ன?"

"இழுத்துப் பிடிச்சேன்." டைலர் அக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீ கண்ண மூடிக்கிட்டு நின்ன. எனக்குச் சொல்ல மனசு வரல."

நாத்தனாரின் வாய் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. பிறகு அவள் கேட்டது வேறு.

"ஸ்கர்ட்டு?"

டைலர் அக்கா தரையைப் பார்த்தாள். "பிரிச்சு விட்டுத் தச்சேன். மூணையும்."

"ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் காமிச்சேன் அண்ணி" என்றாள் நாத்தனார். குரல் உயரவில்லை. "இடுப்புல கைய விட்டு விட்டுக் காமிச்சேன். ஸ்டாஃப் ரூம்ல. பியூன்கிட்டக்கூட."

கைப்பையை எடுத்துக்கொண்டாள். முழங்காலுக்கு வலிக்காமல் இருக்க ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். அவள் இறங்கி முடிக்கிறவரைக்கும் மேலே கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டைலர் அக்கா பின்னாலேயே போகவில்லை. போகிற தைரியம் வரவில்லை.

தட்டு டீச்சர் பதிவேட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபீசுக்கு நான் எழுதணும்க்கா, எல்லாம் தப்புன்னு" என்றாள். பிறகு, "நானும் பாத்திருக்கணும். பதினஞ்சே நாள்ல பன்னெண்டு பேருக்கும் அவ்வளவு குறையுமா? படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும், குறையாது. கைதட்டினது நல்லா இருந்துச்சு. அதான் கேள்வி கேக்கல" என்றாள். எழுந்துபோய்ப் பலகையில் மூன்று மாதமாக அழிக்காமல் வைத்திருந்த பரிசு விதியை அழித்தாள். இனிமேல் எல்லோருக்கும் வாரத்துக்கு இரண்டு மஞ்சள் கட்டம்தான், குறைந்தாலும் கூடினாலும், என்றாள். டைலர் அக்கா டேப்பைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரம் வீட்டுக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். உள்ளே மூன்று ஸ்கர்ட்டுகள். "பழைய தையலுக்கே கொண்டுவரச் சொன்னா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?" என்றார். சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அவளுக்காகத்தான செஞ்ச" என்றார். அந்த ஆறுதல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்காகவா? அந்த முகம் வாடுவதைப் பார்க்க முடியாதது யாருக்கு? 'எவ்வளவு அண்ணி' என்று கேட்கும்போது நல்ல சேதி சொல்கிறவளாக இருப்பது யாருக்குப் பிடித்திருந்தது? ஒவ்வொரு தையலாகப் பிரிக்கும்போது இதையேதான் கேட்டுக்கொண்டாள். ஒரு பதிலும் அவளுக்கு மரியாதையாக இல்லை.

மூன்று வாரம் நாத்தனார் அந்தப் பக்கமே வரவில்லை. வகுப்புக்கு மட்டும் நிற்காமல் போவதாகத் தபால் அண்ணன் சொன்னார். படி ஏறும்போது கடைப் பக்கம் திரும்புவதில்லை என்பது டைலர் அக்காவுக்கே தெரியும். அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, படியில் ஏறுகிற காலடியை எண்ணுவாள்.

நாலாவது சனிக்கிழமை காலை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால், நாத்தனார் கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மருந்துக்கடை வரைக்கும் போகணும். வழியில நடைபாதை எல்லாம் பேத்துப் போட்டிருக்கான். தனியா போக முடியல" என்றாள். அண்ணி என்ற வார்த்தை வரவில்லை.

டைலர் அக்கா ஷட்டரை இழுத்துவிட்டுக் கூடவே நடந்தாள். கல்லும் மண்ணுமாகக் கிடந்த இடத்தில் நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாண்டியதும் விட்டுவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "ஆப்பிள் சுடுறதுல பேரீச்சம்பழத்தப் பாதியாக் குறைச்சிட்டேன். டீச்சர் சொன்னாங்க" என்றாள் நாத்தனார், யாரிடமோ சொல்வதுபோல.

"நல்லா வருதா?"

"சுமாரா வருது."

மருந்துக்கடைக்குள் மூலையில், திரைக்குப் பின்னால், எடை மெஷின் இருந்தது. கடைக்காரப் பெண் வழக்கமாக வருகிறவரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தாள். அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை. மூன்று வாரமும் இந்தக் காலை வைத்துக்கொண்டு தனியாக வந்திருக்கிறாள்.

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். கைப்பையைக் கழற்றினாள். கொஞ்சம் யோசித்து, கடிகாரத்தையும் கழற்றி, எல்லாவற்றையும் டைலர் அக்காவின் கையில் கொடுத்தாள். "இங்கேயே நில்லுங்க" என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போனாள்.

டைலர் அக்கா நின்றாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பை. திரைக்குக் கீழே நாத்தனாரின் வெறுங்கால்கள் தெரிந்தன. முதலில் நல்ல கால் ஏறியது, பிறகு வலது கால், மெதுவாக. கீழேயும் பார்க்கக் கூடாது என்று தோன்றி, டைலர் அக்கா சுவரிலிருந்த பல்பொடி விளம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரமாகத் தோன்றியது.

நாத்தனார் வெளியே வந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, திரும்பி நின்று, மறைத்து எழுதினாள். மூடினாள்.

"கேக்கமாட்டீங்களா?" என்றாள்.

"நீ சொன்னா கேட்டுக்கறேன்."

"சொல்லமாட்டேன்."

"சரி" என்றாள் டைலர் அக்கா. குனிந்து, அவள் காலுக்கு நேராகச் செருப்புகளை வைத்தாள். நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் இதே நேரம்தான். நான் வாசல்ல நின்னு கூப்பிடமாட்டேன். நீங்கதான் வீட்டுக்கு வரணும்" என்றாள்.

"வர்றேன்."

"லேட்டா வராதீங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி பாக்கணும்."